தாடைக்குப் புத்தூர் கட்டு போடலாமா?

கே: தாடை அதிகம் உடைவது யாருக்கு?
ப: பைக்கில் பறக்கும் இளைஞர்களுக்கு. நம் நாட்டில் சாலை விபத்துதான் முதல் காரணம். அடிதடியும் கீழே விழுவதும் அடுத்தடுத்து வரும். சந்திரகிரிப் பக்கம் ரங்கம்பேட்டையில் கனுமா (மாட்டுப் பொங்கல்) அன்று காளை விரட்டுகிறவர்களுக்குக் கொம்பும் ஒரு காரணம்.

கே: ஹெல்மெட் போட்டும் என் தம்பிக்குத் தாடை உடைந்ததே, ஏன்?
ப: அரை ஹெல்மெட்டாக இருந்திருக்கும். அது மண்டையைக் காக்கும், மோவாயைக் காக்காது. முகத்தை முழுக்க மூடுவதை வாங்கிக் கொடுங்கள். பின்னால் உட்காருகிற தங்கைக்கும் ஒன்று.

கே: அடி மோவாயில், வலி காதோரத்தில். எப்படி?
ப: கீழ்த்தாடை லாடம் போல வளைந்தது, இரு நுனியும் காதுக்கு முன்னால் மூட்டில் முடிகிறது. மோவாயில் விழுந்த அடி அந்த மூட்டை ஒட்டிய எலும்பின் மெல்லிய கழுத்துவரை ஏறி அங்கே முறிக்கும். அதனால்தான் ஒரு முறிவைப் பார்த்த டாக்டர் விடாமல் இன்னொன்றைத் தேடுகிறார். கோரைப்பல்லின் நீண்ட வேர் இறங்கும் இடமும், ஞானப்பல் முளைக்காமல் புதைந்திருக்கும் மூலையும் பலவீனமானவை. குழந்தை விழுந்து மோவாய் கிழிந்தால் தையலோடு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். காதோர மூட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். கவனிக்காமல் விட்டால் மூட்டு ஒட்டிக்கொண்டு வாய் திறக்காமல் போகலாம். தாடை வளர்ச்சியும் குன்றலாம்.

கே: எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் புத்தூர் எங்களுக்குப் பக்கம்தான். அங்கே கட்டுப் போட்டால் என்ன?
ப: பச்சிலையும் முட்டை வெள்ளைக்கருவும் மூங்கில் பத்தையும் வைத்துக் கை காலுக்குக் கட்டுவார்கள். தாடைக்குப் பத்தை வைக்க இடமேது? முறிந்த துண்டுகளைத் தசைகள் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். மேல் பல்லும் கீழ்ப் பல்லும் பழையபடி பொருந்த வேண்டும். அதற்குப் பல்லோடு பல் கம்பி கட்ட வேண்டும், அல்லது டைட்டானியம் தகடு வைக்க வேண்டும். தாடைக்குப் புத்தூர் வேண்டாம்.

கே: கிரிக்கெட் வீரர் கும்ப்ளே தாடையில் கட்டோடு பந்து வீசினாரே?
ப: 2002, ஆன்டிகுவா டெஸ்ட். மேற்கிந்திய வீரர் டில்லன் பந்தில் தாடை உடைந்தபின் 14 ஓவர் வீசி லாராவையும் வீழ்த்தினார். வீரம்தான்! ஆனால் அந்தத் துணிக்கட்டு தற்காலிகம். அவரும் அறுவை சிகிச்சைக்குத்தான் ஊர் திரும்பினார்.

கே: விபத்து நடந்த இடத்தில் நாங்கள் என்ன செய்வது?
ப: நினைவோடு இருந்தால், கழுத்தில் அடி இல்லையென்றால், முன்னால் சாய்த்து உட்கார வையுங்கள். மல்லாக்கப் படுக்க வைத்தால் ரத்தமும் நாக்கும் மூச்சை அடைக்கும். விழுந்த பல்லைப் பாலில் போட்டு எடுத்துப் போங்கள். பல் பொருந்தவில்லை, கீழுதடு மரத்திருக்கிறது என்றால் முறிவைச் சந்தேகியுங்கள். திருப்பதி ருயா மருத்துவமனையோ வேலூர் சி.எம்.சி.யோ, எங்கே போனாலும் முகத்தாடை அறுவை சிகிச்சை நிபுணரை அன்றைக்கே கேளுங்கள்.