தண்ணீர் கொடுத்தால்தான் தண்ணீர் வரும்

கலிலியோ 1638ல் வெளியிட்ட 'இரண்டு புதிய அறிவியல்கள்' புத்தகத்தில், பெயர் சொல்லப்படாத ஒரு பம்ப் மெக்கானிக் தலையைக் காட்டுகிறார். தொட்டியில் தண்ணீர் இறங்கிப்போய்விட்டது, பம்ப் இழுக்கவில்லை. ரிப்பேர் என்று நினைத்து அவரைக் கூப்பிடுகிறார்கள். வந்து பார்த்தவர், பம்பில் ஒரு கோளாறும் இல்லை, தண்ணீர்தான் ஆழத்துக்குப் போய்விட்டது என்கிறார். பெரிய பம்போ சின்ன பம்போ, 18 முழத்துக்கு மேல் மயிரிழைகூட ஏறாதாம். அந்த ஊர் முழம் நம்முடையதைவிட நீளம். நம் கணக்கில் பத்து மீட்டர் சொச்சம்.

வந்ததற்குக் கூலி கொடுத்தார்களா என்று புத்தகத்தில் இல்லை.

ஏன் ஏறாது என்பதற்குக் கலிலியோ ஒரு காரணம் சொன்னார். நீளமான கயிறு தன் பாரத்தாலேயே அறுந்துபோவதுபோலத் தண்ணீரும் நடுவில் அறுந்துவிடுகிறதாம். அதற்கு எட்டு வருஷம் முன்பே ஜெனோவாவிலிருந்து பாலியானி என்பவர், குன்றைத் தாண்டிப் போட்ட குழாயில் தண்ணீர் வரமாட்டேன் என்கிறதே என்று எழுதிக் கேட்டிருந்தார். காற்றின் பாரம்தான் காரணமாக இருக்குமோ என்று அவரே கோடியும் காட்டினார். கலிலியோ கயிற்றை விடவில்லை. பூமியைச் சுற்ற விட்டவர் சறுக்கியது ஒரு குழாயில்.

அவருடைய கடைசி நாட்களில் உடனிருந்த டாரிசெல்லி, அவர் இறந்த பிறகு கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை ஊற்றிக் கவிழ்த்தார். 76 சென்டிமீட்டரில் நின்றது. மேலேயிருந்து எதுவும் இழுக்கவில்லை, கீழேயிருந்து காற்று அமுக்குகிறது. அப்படியானால் மலை மேல் போனால் பாதரசம் இறங்க வேண்டுமே? 1648ல் பாஸ்கல் இதைச் சோதித்தார். சோதித்தார் என்றால், அவர் பாரிஸில் இருந்தார். குழாயையும் பாதரசத்தையும் தூக்கிக்கொண்டு பூய் தெ தோம் மலை ஏறியது அக்கா வீட்டுக்காரர் பெரியே. அழுத்தத்தின் அலகுக்குப் பாஸ்கல் பெயர் கிடைத்தது. ஏறினவருக்கு மூச்சு வாங்கியது.

அடுத்து வருபவர் ஓட்டோ வான் கெரிக்கே, மாக்டெபர்க் நகரின் மேயர். வெற்றிடத்தை நேரில் பார்த்தே தீருவது என்று கிளம்பினார். முதல் முயற்சியாக ஒரு பீர் பீப்பாய் நிறையத் தண்ணீரை ஊற்றி அடைத்து, அந்தத் தண்ணீரைப் பம்ப் வைத்து வெளியே இழுக்கச் சொன்னார். பலசாலிகள் மல்லுக்கட்டி இழுத்தார்கள். பீப்பாயின் இடுக்கெல்லாம் சீறிக்கொண்டு காற்று உள்ளே புகுந்தது. பிறகு செம்பு உருண்டை. அது டமாலென்று கசங்கிப்போனது. பிறகுதான் பள்ளிக்கூடப் புத்தகத்தில் வரும் இரண்டு அரைக்கோளங்களும், அவற்றைப் பிரிக்கப் பக்கத்துக்கு எட்டாகப் பூட்டிய குதிரைகளும். ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். மேயர் தண்ணீரை வெளியேற்றி வெற்றிடம் தேடினார். பின்னால் வந்தவர்கள் வெற்றிடத்தை உண்டாக்கித் தண்ணீரைத் தேடினார்கள். இந்தத் திருப்பம் உடனே வந்துவிடவில்லை.

இடையில் டெனி பாப்பின் வருகிறார். நம் வீட்டு பிரஷர் குக்கருக்கு முப்பாட்டனைச் செய்தவர். ஹைகன்ஸ், பாயில் என்ற விஞ்ஞானிகளிடம் காற்றுப் பம்போடு மாரடித்தவர். 1689ல் சுழலும் தகடுகளால் தண்ணீரை வீசியெறியும் பம்ப் ஒன்றையும் விவரித்தார். இன்றைய சென்ட்ரிஃபியூகல் பம்பின் ஜாதகம் அங்கே தொடங்குகிறது. ஆனால் அந்தக் குழந்தை எழுந்து நடக்கவில்லை. நடக்க வைத்தவர்களில் முக்கியமானவர் லண்டனில் தோலுக்குச் சாயம் போட்டுப் பிழைத்த ஜான் ஜார்ஜ் ஆப்பல்ட். 1851 மாபெரும் கண்காட்சியில் வளைந்த தகடுகள் வைத்த பம்பை ஓட்டிக்காட்டினார். செலவழித்த சக்தியில் 68 சதவீதம் தண்ணீராக மேலே வந்தது. நேர்த் தகடு போட்டபோது 24தான். மனிதர் வீட்டிலும் சும்மா இருக்கவில்லை. ஆள் கிட்டே போனால் கதவு தானே திறக்கும், பேசினில் தண்ணீர் தானே வந்து விழும், விளக்கை ஏற்றினால் ஜன்னல் தானே மூடிக்கொள்ளும்.

ஆனால் இந்த வகைப் பம்ப் எதுவும் தானாகத் தண்ணீர் எடுக்காது. முதல் தடவை மாமனார் வீட்டுக்கு வரும் மாப்பிள்ளை அது. செம்பில் தண்ணீர் கொடுத்து உபசரித்தால்தான் உள்ளே கால் வைக்கும். காரணம் எளிது. 30 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரை ஏற்றும் பம்ப், வயிற்றில் காற்று இருந்தால் காற்றையும் அதே 30 மீட்டருக்குத்தான் ஏற்றும். 30 மீட்டர் காற்றின் கனம் நாலு சென்டிமீட்டர் தண்ணீருக்குக்கூடச் சமமில்லை. மோட்டார் சத்தம் மட்டும் ஊரைக் கூட்டும். குழாயில் தண்ணீர் இரண்டு விரற்கடை ஏறி நிற்கும். நம் கிணற்றடியில் 'ஏர் பிடிச்சுக்கிச்சு' என்று தலையில் கைவைப்பது இதற்குத்தான். அப்புறம் குழாயின் அடியில் கசியும் ஃபுட் வால்வைச் சபித்தபடி குடம் குடமாக ஊற்றுவார்கள். கசிவை அடைக்கச் சாணியும் கரைத்து விடுவார்கள்.

ஐந்து குதிரைத்திறன் மோட்டாருக்குக் குடம் போதும். ஆள் நுழையும் அளவு உறிஞ்சுகுழாய் போட்ட நீரேற்று நிலையத்துக்கு? நீராவி எஞ்சின் இருந்தவரை கவலையில்லை; அந்த நீராவியையே பீய்ச்சிக் காற்றை இழுத்துவிடுவார்கள். மின்சார மோட்டார் வந்தது, கொதிகலன் போனது. பிஸ்டன் வைத்த வேக்குவம் பம்பைப் போட்டால் வேறொரு தொல்லை. வேலை முடிந்தது என்பதற்கு அடையாளமே தண்ணீர் வந்து சேர்வதுதான். வந்த தண்ணீர் பிஸ்டனுக்குள் புகுந்தால் அமுங்காது, சிலிண்டர் உடையும். வேலையை முடித்ததற்கு மரண தண்டனை.

இங்கேதான் வாட்டர் ரிங் பம்ப். இதை வடிவமைத்தவர்கள் ஒரு காரியம் செய்தார்கள்: சக்கரத்தை வேண்டுமென்றே நடுவில் வைக்காமல் தள்ளி வைத்தார்கள். உருளை வடிவக் கூட்டுக்குள் கொஞ்சம் தண்ணீர். சக்கரம் சுற்றினால் அந்தத் தண்ணீர் சுவரோரம் ஒதுங்கி வளையமாக ஓடும். சக்கரம் ஒருபக்கமாக இருப்பதால், தகடுகளுக்கு இடையிலுள்ள அறைகளிலிருந்து தண்ணீர் ஓரிடத்தில் விலகும், இன்னோரிடத்தில் திரும்ப நெருங்கும். விலகும்போது காற்று உள்ளே, நெருங்கும்போது காற்று வெளியே. தண்ணீரே பிஸ்டன். உரச இரும்பில்லை. பெரிய பம்பின் வயிற்றுக் காற்றை இது உறிஞ்சித் துப்ப, கீழே இருக்கும் தண்ணீரை வெளிக்காற்று குழாயில் ஏற்றிவிடும். கடைசியில் இதன் வாய்க்கே தண்ணீர் வந்தாலும் ஒரு மடக்கு கூடுதலாகக் குடித்துவிட்டுச் சுற்றும். பெரிய மோட்டாரைப் போட்டு, நடுவிலுள்ள வால்வை மூடினால் முடிந்தது. ஒரே வீம்பு, வளையத் தண்ணீர் சூடாகக் கூடாது. 40 டிகிரிக்குப் போனால் அந்தத் தண்ணீரே ஆவியாகி இடத்தை அடைத்துக்கொள்ளும். உறிஞ்சும் உயரத்தில் முக்கால் மீட்டர் காலி.

தண்ணீர் எடுக்கத் தெரியாத பம்புக்கு உதவ வந்த இந்தப் பம்பும், உள்ளே தண்ணீர் இல்லாவிட்டால் வெறுமனே சுற்றும். யாராவது ஒரு குழாயைத் திறந்துவிட்டே ஆக வேண்டும்.

1914ல் அமெரிக்காவில் லூயிஸ் நாஷுக்கு இதற்கான காப்புரிமை கிடைத்தது. ஏறக்குறைய அதே சமயத்தில் ஆஸ்திரியாவில் சீமென்ஸ்-ஷுக்கர்ட் கம்பெனிக்கும் இதே சாயலில் ஒன்று. நாஷ் என்றும் எல்மோ என்றும் தனித்தனியே விற்ற இரண்டு கிளைகளும் பிறகு ஒன்றாகி, 2004ல் கார்ட்னர் டென்வர் என்ற கம்ப்ரசர் கம்பெனியின் கைக்குப் போயின. காற்றை இழுப்பவர்களை, காற்றை அடைப்பவர்கள் வாங்கிக்கொண்டார்கள்.