பதினெட்டுத் திணையும் ஒரு திராட்சைப் பந்தலும்

உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் நடுவே இருக்கும் அனுமந்தன்பட்டியை இந்த ஆய்வின் களமாகக் கொண்டதற்கு வலுவான காரணம் உண்டு: ஆய்வாளரின் வீடு அங்கேதான் இருக்கிறது. ஆய்வுப்பொருள், முழுப்பரீட்சை லீவுக்கு வந்திறங்கிய அக்கா மகனின் கைப்பேசியில் அகப்பட்டது. போக்கிமான் என்னும் ஜப்பானிய விளையாட்டில் ஒவ்வொரு பிராணிக்கும் ஒரு வகை உண்டு. மருமகன் அதை 'டைப்' என்கிறான். வெட்சிக்குக் கரந்தை, உழிஞைக்கு நொச்சி என்று எதிரெதிர்ப் பூச்சூடிப் போருக்குப் போன மரபில் வந்தவர்கள் நாம். 'திணை' என்றே சொல்வோம்.

1996இல் விளையாட்டு பிறந்தபோது திணை 15. 1999இல் இருளும் எஃகும் சேர்ந்தன. 2013இல் தேவதை வந்து 18 ஆனது. எது எதை அடித்தால் என்ன ஆகும் என்பதற்கு 324 கட்டம் போட்ட அட்டவணை உண்டு. தோதுப்பட்டால் அடி இரண்டு மடங்கு, படாவிட்டால் பாதி, சில இடங்களில் சுழியம். மின்சாரம் மண்ணை அடித்தால் சுழியம். எர்த் கம்பி புதைத்த எலக்ட்ரீஷியன் யாரும் இதை மறுக்கமாட்டார். தன் இனத்தையே இரண்டு மடங்கு அடிப்பவை பேயும் டிராகனும் மட்டும். ஏன் என்று விளையாட்டு விளக்கவில்லை. வரப்புத் தகராறில் பங்காளிகளைப் பார்த்தவருக்கு விளக்கம் வேண்டியதுமில்லை.

அட்டவணையைச் சரிபார்க்கப் பந்தலுக்குள் போனோம். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய கம்பம் பன்னீர் திராட்சை, சந்தேகமின்றிச் செடித் திணை. செடிக்குப் பகை ஐந்து: நெருப்பு, பனி, நஞ்சு, பறவை, பூச்சி. சித்திரை வெயில் கொடியைக் கருக்கும். ஈரமும் குளிருமாக நாலு நாள் நின்றால் இலையில் அடிச்சாம்பல் இறங்கும். அடுத்த தோட்டத்துக் களைக்கொல்லி காற்றில் மிதந்து வந்தால் கொழுந்து சுருளும். பறவைக்கு வலை கட்டுகிறோம். பூச்சிக்கு என்ன செய்யவில்லை! ஐந்துக்கு ஐந்தும் சரி. ஜப்பானில் யாரோ பந்தலுக்கடியில் நின்றிருக்கிறார்கள்.

சிக்கல் தண்ணீரில். தண்ணீர் செடியை அடித்தால் பாதி அடிதானாம். 1895இல் கட்டி முடித்த முல்லைப் பெரியாற்று அணையிலிருந்து வரும் தண்ணீருக்கு அது பொருந்தும். வெட்டுக்கு இரண்டு நாள் இருக்கையில் பெய்யும் மழைக்கு? பழம் வெடிக்கும், கொத்து அழுகும், வியாபாரி விலையைப் பாதியாக்குவார். விலைக்குச் சொன்ன 'பாதி'யை அடிக்குச் சொன்னதாக யாரோ பெயர்த்தெழுதிவிட்டார்கள் என்பது என் துணிபு. முன்னுதாரணமும் இருக்கிறது. முதல் விளையாட்டில் பேய் அடித்தால் மனோசக்தித் திணைக்கு ஒன்றுமே ஆகாது. 1999இல் அதே கட்டம் இரண்டு மடங்காகத் திருத்தப்பட்டது. நம்மூர் ஏடுகளில் இதைப் பாடபேதம் என்போம்.

அணி சேர்ப்பது தனி வித்தை. ஆறு பிராணி, ஒவ்வொன்றுக்கும் நான்கு அடி. பார்க்கக் கம்பீரமாக இருக்கட்டுமே என்று ஆறையும் நெருப்பாக வைக்கச் சொன்னேன். பக்கத்து வீட்டுப் பையன் ஒரே ஒரு தண்ணீரை இறக்கி ஆறையும் அணைத்தான்.

"ஒருத்தன் ஓட்டைய இன்னொருத்தன் அடைக்கணும் மாமா."

இரட்டைத் திணை என்றால் கூடுதல் கவனம் வேண்டும். சாரிசார்ட் நெருப்பும் பறவையுமாக இருப்பதால் பாறையால் அடித்தால் நான்கு மடங்கு. இரு பக்கமும் மலை நிற்கும் பள்ளத்தாக்கில் அதை வளர்ப்பது உசிதமன்று.

இதெல்லாம் புதிதா என்றால், இல்லை. ஜாதகத்தில் யோனிப் பொருத்தம் பார்க்கிறோமே, அது 14 விலங்குகளும் ஏழு பகைகளும் கொண்ட அட்டவணைதானே? பாம்புக்குக் கீரி, பசுவுக்குப் புலி, யானைக்குச் சிங்கம். கீரிக்கு உத்திராடம் ஒன்றுதான், ஜோடி நட்சத்திரம் கிடையாது. கிடைத்தற்கரிய போக்கிமான் அது. ஒரு வேறுபாடு உண்டு: தண்ணீர் நெருப்பை இரண்டு மடங்கு அடிக்கும், நெருப்பு தண்ணீரைப் பாதிதான் அடிக்கும். யோனியில் பகை இரு பக்கமும் சமம்.

குரங்குக்கு ஆடு பகை என்கிறது அந்த அட்டவணை. அனுமன் பெயர் தாங்கிய ஊரில் ஆடும் குரங்கும் சண்டையிட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் நான் பூராடம், குரங்கு. வீட்டம்மா பூசம், ஆடு. இதைச் சொன்னதும் மருமகன் விளையாட்டை நிறுத்திவிட்டு நிமிர்ந்தான்.

"அப்ப நீங்களும் அத்தையும் டிராகனும் டிராகனுமா மாமா?"

இது குறித்து 22 ஆண்டுத் தரவு கைவசம் இருக்கிறது. வெளியிட வீட்டில் அனுமதி கிடைக்கவில்லை.