மெட்டு ஏறும் குழல்

கேள்வி: போடிமெட்டு ஏறுகிறவருடைய துப்பாக்கிக்கு இலேசான குழல் உசிதமா, கனத்த குழலா? (வாசகர், போடிநாயக்கனூர்)

பதில்: தூக்குகிற தோளைக் கேட்டால் இலேசு, குறிபார்க்கிற கண்ணைக் கேட்டால் கனம்! மெல்லிய குழல் சில குண்டுகளிலேயே சூடேறிக் குறியை நகர்த்திவிடுமாதலால், வரிசையாகச் சுடும் பந்தயக்காரருக்கு உஷ்ணத்தைத் தாங்கி ஸ்திரமாய் நிற்கும் தடித்த குழலும், ஓரிரு குண்டுக்காக நாளெல்லாம் மலையேறிய அக்கால வேட்டைக்காரருக்கு மெல்லியதும் பொருத்தமாயின. ஆனால், 1928-இல் வேட்டையை ஒழுங்குபடுத்தத் தோட்டத் துரைமார் சங்கம் அமைத்த மெட்டுக்கு அப்பாலுள்ள மூணாற்றுச் சிகரங்களில், 1978 முதல் தேசியப் பூங்காவாக விளங்கும் இரவிகுளத்தில், இன்று வரையாடுகள் நிர்ப்பயமாய் மேய்கின்றன. ஆகவே மெட்டு ஏறுகையில் பைனாகுலர் கொண்டு செல்லுங்கள், அதுவும் இரட்டைக்குழல்தானே!

வரையாட்டைச் சுடுவது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.