காகிதப்பூத் தேன்

நான்குவழிச் சாலையின் நடுத்திட்டில் அரளி பூத்துக் குலுங்குகிறது. கண்ணுக்குக் குளிர்ச்சி. தேனீயாகப் பிறக்காதவர்களுக்கு மட்டும்! அரளிப் பூவில் தேன் கிடையாது. நிறத்தையும் மணத்தையும் காட்டிப் பூச்சியை வரவழைத்து, வெறுங்கையோடு திருப்பி அனுப்புகிற செடி அது. மனுக் கொடுக்கப் போய்த் திரும்பியவர்களுக்கு இந்தக் குணம் புதிதல்ல. பொருத்தமான பூவைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

காரணமும் வைத்திருக்கிறார்கள். மாடு கடிக்காது, தண்ணீர் அதிகம் கேட்காது, எதிரே வரும் வண்டியின் வெளிச்சம் கண்ணில் அடிக்காது. மாட்டைக் கேட்டார்கள், டிரைவரைக் கேட்டார்கள். பூவைத் தேடி வருகிறவளைக் கேட்கவில்லை. அவளுக்கு ஓட்டு இல்லை. அரளி சலித்தால் பக்கத்திலேயே காகிதப்பூ. பெயரிலேயே உண்மையை ஒப்புக்கொண்ட அரசுப் பணி அது ஒன்றுதான்.

கொள்கை இல்லாமலா? 2015-லேயே பசுமை நெடுஞ்சாலைக் கொள்கை வந்துவிட்டது. சாலைத் திட்டச் செலவில் 1 சதவீதம் மரம் செடிக்கு. நூறு கோடிச் சாலைக்கு ஒரு கோடி. 2020-ல் தேனீ வளர்ப்புக்கென 500 கோடி ரூபாய் அறிவித்தார்கள். தேனீ வேளாண் அமைச்சகத்தின் பொறுப்பு. சாலையோரம் இன்னொரு அமைச்சகத்தின் பொறுப்பு. ஒருவர் பெட்டி கொடுக்கிறார், மற்றவர் பூவை வெட்டுகிறார். இரண்டு கோப்பும் வழியில் சந்தித்துக்கொள்வதே இல்லை. மே 20 உலகத் தேனீ நாள் அன்று மட்டும் இரண்டு தரப்பும் ஒரே குரலில் வாழ்த்துச் சொல்கின்றன.

பழைய சாலைகளில் புளியும் வேம்பும் புங்கனும் நாவலும் நின்றன. பூத்த புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தினால் மரமே ரீங்காரம் போடும். அந்த மரங்களைச் சாய்த்துத்தான் சாலை அகலமானது. ஒரு மரத்துக்குப் பத்துக் கன்று என்று கணக்கு. நூறு வயதுக் கிழவியைக் கொன்றுவிட்டு, பத்துப் பிள்ளைகளைத் தத்தெடுத்துத் தண்ணீர் காட்டாமல் விடுவதற்குப் பெயர் ஈடுசெய்தல்!

போன மார்கழியில் எங்கள் ஊர்ப் புறவழிச் சாலையில் ஒரு கூண்டைப் பார்த்தேன். உள்ளே நட்ட கன்று காய்ந்து குச்சியாக நின்றது. கூண்டில் கட்டிய பலகையில் நட்டவர் பெயர் மட்டும் பசுமை மாறாமல் இருந்தது. அந்தக் குச்சியின் காலடியில், யாரும் நடாமல், யாரும் தண்ணீர் ஊற்றாமல், தும்பை முளைத்து வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. அதில் ஒரு கொம்புத்தேனீ பூப்பூவாகத் தலையை நுழைத்து எடுத்துக்கொண்டிருந்தது. அந்த ஒரு கிலோமீட்டரில் எனக்குக் கண்ணில் பட்ட ஒரே வெற்றிகரமான பசுமைத் திட்டம் அதுதான்.

மண்வெட்டியோடு ஒரு அம்மா வந்தார். நாளை மறுநாள் பெரிய அதிகாரி பார்வையிட வருகிறாராம். ஓரமெல்லாம் சுத்தமாக இருக்கணுமாம். இரண்டே கொத்து. தும்பை போயிற்று. "குச்சியையும் பிடுங்கலாமே அம்மா?" என்றேன்.

"ஐயோ, அதுல கை வைக்கக் கூடாது சார். அது கணக்குல இருக்கு."

அவர்மேல் குற்றமில்லை, கூலிக்கு வந்தவர். கோபம் அந்தக் கணக்கை எழுதியவர்கள்மேல். அவர்கள் கணக்கில் வராத வேலை ஒன்று உண்டு. பூசணியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மகரந்தத்தைச் சுமந்து போகிறவள் வராவிட்டால் பிஞ்சு வெம்பி உதிரும். அந்த வேலைக்கு எந்த டெண்டரிலும் ஆள் கிடைக்க மாட்டார்கள். அவள் உங்களிடம் நிதி கேட்கவில்லை, திட்டம் கேட்கவில்லை. தும்பையும் ஆவாரையும் பூத்து முடியும்வரை மண்வெட்டியை ஓரமாக வையுங்கள் என்பதுதான் கோரிக்கை. ஒரு பைசா செலவில்லை.

செலவில்லாத வேலையை யார் செய்வார்கள், சொல்லுங்கள்?