‘விற்றுத் தீர்ந்தது’: கிட்டாக் காலணி பற்றிய இலக்கண ஆராய்ச்சி

குறைந்த எண்ணிக்கையில் செய்யப்பட்டு, முன்னரே அறிவித்த நாளிலும் நேரத்திலும் விற்பனைக்கு வரும் ரப்பர் அடிக் காலணியே வரையறைப் பதிப்பு ஸ்னீக்கர் எனப்படும். இதை வாங்க முயல்வோர் பலர், வாங்குவோர் சிலர், அணிவோர் அவரினும் சிலர். பெட்டி பிரியாமல் அலமாரியில் இருப்பதே இதன் இயல்பாகிவிட்டதால், காரணப்பெயராகப் பிறந்த ‘காலணி’ என்னும் சொல் இவ்விடத்தில் இடுகுறிப்பெயராக முடிகிறது.

இவ்வாணிகத்தின் வரலாறு தெருக்காலம், திரைக்காலம் என இருவகைப்படும். தெருக்காலத்துக்குத் தலையாய சான்று, 2005 பிப்ரவரி 22 அன்று நியூயார்க்கின் ஆர்ச்சர்டு தெருவில் நிகழ்ந்தது. ஜெஃப் ஸ்டேபிள் வடிவமைத்த, குதிகாலருகே புறா உருவம் தைத்த நைக்கி டங்க் காலணிக்காக அங்கே குளிரில் நாள்கணக்கில் காத்துக் கிடந்த கூட்டத்தைக் கலைக்கக் காவலர் வர நேர்ந்தது. மறுநாள் நியூயார்க் போஸ்ட் நாளிதழின் முதற்பக்கத்தில் அக்காலணி இடம்பெற்றது. 2012 பிப்ரவரியில், விண்மீன் மண்டலம் அச்சிட்ட ஒரு காலணிக்காக ஆர்லாண்டோ வணிக வளாகத்தில் கலவரத் தடுப்புப் படையே இறங்கியது. அதன்பின் நள்ளிரவு விற்பனைகள் கைவிடப்பட, கூட்டம் மெல்லத் திரைக்குள் குடிபெயர்ந்தது.

திரைக்காலத்தின் தலைமைக் கருவி, 2015இல் நைக்கி வெளியிட்ட எஸ்.என்.கே.ஆர்.எஸ். என்னும் செயலி. ஆங்கில மெய்யெழுத்து ஐந்தால் ஆன இப்பெயரில் உயிரெழுத்து ஒன்றுகூட இல்லை. உயிரின்றி மெய் இயங்காது என்பது தமிழ் மரபாதலின், விற்பனை தொடங்கும் கணத்தில் செயலி உறைந்து நிற்பதற்கு வழங்கி நெரிசலைக் காரணம் காட்டும் பொறியாளர் கூற்று ஏற்புடையதன்று.

அமெரிக்கக் கிழக்குக் கரை நேரப்படி காலை 10 மணிக்கு வாயில் திறக்கும். பெரும்பாலும் நடப்பது குலுக்கல். அதாவது, குறித்த சில நிமிடங்களுக்குள் பெயர் கொடுத்த அனைவரையும் ஒரே குடத்தில் இட்டுச் சிலரை எடுக்கும் முறை. இதில் முதல் நொடியில் அழுத்தியவருக்கும் இறுதி நொடியில் அழுத்தியவருக்கும் வேறுபாடு இல்லை என்பதை நன்கறிந்தவர்களே 9 மணி 59 நிமிடத்திலிருந்து கட்டைவிரலை உயர்த்திக் காத்திருக்கின்றனர்.

வாங்க முயல்வோருள் ஒற்றைக் கைப்பேசியர், குடும்பக் கைப்பேசியர் ஆகியோர் பற்றிச் சொல்லத் தக்கது ஏதுமில்லை. மூன்றாம் வகையினர் பாட் உடையார். பாட் என்பது பெயர், முகவரி, அட்டை எண் ஆகியவற்றை இமைப்பொழுதில் நிரப்பி, பல இடங்களிலிருந்து பலர் வாங்குவதுபோல் தோற்றம் காட்டும் நிரல். இந்நிரல்களும் வரையறைப் பதிப்பாகவே வெளியாகி உடனே விற்றுத் தீர்ந்து மறுவிற்பனையில் விலை ஏறுகின்றன; ஆகவே பாட் வாங்க இன்னொரு பாட் தேவைப்படும் நிலையும் உண்டு. இவற்றைத் தடுக்க வைத்த காப்சா என்னும் சோதனையில், போக்குவரத்து விளக்கு எத்தனை கட்டங்களில் தெரிகிறது என்று மனிதர் எண்ணிக்கொண்டிருக்க, இயந்திரம் கட்டணம் செலுத்தி முடித்திருக்கும்.

இனி, முயற்சியின் இறுதியில் திரையில் தோன்றும் வாசகம். தமிழில் ‘விற்றுத் தீர்ந்தது’ எனப்படும் இத்தொடரே இத்துறையின் ஆழமான சிக்கல். ஆங்கில மூலத்தில் இச்சிக்கல் இல்லை என்பது ஆய்வுக்குத் தடையாகக் கொள்ளப்படவில்லை. ‘செய்து’ என்னும் வாய்பாட்டு வினையெச்சத்துக்கும் அதை முடிக்கும் வினைக்கும் வினைமுதல் ஒன்றாதல் வேண்டும் என்பது தொல்காப்பிய விதி. ‘உண்டு வந்தான்’ என்றால் உண்டவனும் வந்தவனும் ஒருவனே. இங்கோ விற்றது நிறுவனம், தீர்ந்தது காலணி. நிறுவனம் தீரவில்லை என்பது அதன் ஆண்டறிக்கையால் விளங்கும். எனவே விற்றதும் காலணியே, அது தன்னைத்தானே விற்றுக்கொண்டது என்பர் ஒரு சாரார். விற்றல் உயர்திணைக்குரிய தொழிலன்றோ என மறுப்பர் மற்றொரு சாரார். பாட் என்னும் அஃறிணை வாங்கும்போது காலணி என்னும் அஃறிணை விற்பதில் இழுக்கென்ன என்பது முதற்சாராரின் விடை. இவ்விடைக்கு ஆதாரமாக, முதலும் முடிவும் செல்லரித்த சுவடியொன்றின் இடது ஓரத்தில், பெயர் அறியப்படாத உரைகாரர் எழுதி, பின்வந்தவர் அடித்து, அவருக்கும் பின்வந்தவர் அடித்ததை அடித்த குறிப்பு காட்டப்படுகிறது. மேற்கோள் காட்டுவோர் எவரும் அச்சுவடியைப் பார்த்ததில்லை. இவ்வகையில் அது பிற மேற்கோள்களிலிருந்து வேறுபடவில்லை.

உண்மையில் ‘திண்ணை மெழுகிற்று’ என்பதுபோல, செயப்படுபொருளையே செய்ததாகச் சொல்லும் வழக்கைத் தொல்காப்பியம் ஒப்புகிறது. ஆயினும் சிக்கல் தீர்ந்தால் கருத்தரங்கும் தீருமாதலின், இவ்விளக்கம் நெடுங்காலம் அடிக்குறிப்பிலேயே வைக்கப்பட்டிருந்தது.

தோல்வியைக் குறிக்கும் சொல்லும் ஆராயத்தக்கது. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதுபோல, ஸ்னீக்கர் கூட்டத்தார் தோல்வியை ‘எல்’ என்பர். இது ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து என்பதைக் கேட்கவும் மறுக்கும் வேர்ச்சொல் வல்லுநர், ‘எல்’ தமிழில் ஒளி, பகல் என்று பொருள்படுவதையும், தோல்வி நேர்வது காலைப் பொழுதில் என்பதையும் சுட்டி, நைக்கியின் தாயகமான ஆரெகன் மாநிலத்தில் பண்டு தமிழ் வழங்கியதற்கு இதனினும் சான்று வேண்டுமோ என வினவுகின்றனர்.

எஞ்சியது ‘தீர்ந்தது’ என்பதன் பொருள். ராப் பாடகர் டிராவிஸ் ஸ்காட் பெயரில் 2019 மே மாதம் 175 டாலருக்கு வெளியான ஏர் ஜோர்டன் 1, திரையில் தீர்ந்த பின்னும் ஸ்டாக்எக்ஸ் போன்ற மறுவிற்பனைத் தளங்களில் ஆயிரம் டாலருக்கு மேல் கிடைத்தது. எனவே பொருள் தீரவில்லை. தீர்ந்தது 175 என்னும் விலை மட்டுமே. இல்லாததை இல்லை என்பது இயல்பு வழக்கு. இருப்பதை இன்னாருக்கு இல்லை என்று முகத்துக்கு நேரே கூறாது பொதுப்படக் கூறும் இத்தொடர், செத்தாரைத் துஞ்சினார் என்பதுபோன்ற மங்கல வழக்கு என்க.