ஃபார்மட் அண்ணாச்சி

தென்காசிப் பக்கம் தெருவுக்கு ஒரு ஃபார்மட் அண்ணாச்சி இருக்கிறார். மேலகரத்தில் இருக்கிறார், இலஞ்சியில் இருக்கிறார், குற்றாலம் போகிற வழியில் நன்னகரத்திலும் இருக்கிறார். கடை கிடையாது, போர்டு கிடையாது. பகலில் அவருக்கு ஏதோ ஓர் உத்தியோகம் உண்டு; அது என்னவென்று தெருவில் யாரும் விசாரித்ததில்லை. வயதில் மூத்தவர்கள்கூட அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுகிறார்கள். லேப்டாப் மெதுவாகிவிட்டது என்று சொல்லிவிட்டால் அன்றைக்கே வந்து நிற்பார், அதனால்தான் இந்த மரியாதை. எந்த லேப்டாப்பாக இருந்தாலும் அவருடைய தீர்ப்பு ஒன்றே: "ஃபார்மட் அடிச்சிருவோம்."

அவருடைய சீசனும் குற்றாலத்துச் சீசனும் கிட்டத்தட்ட ஒன்றாகத் தொடங்கும். மே மாதம் பிளஸ் டூ முடிவு வரும். பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பம் போட வேண்டும் என்று பீரோவுக்கு மேலே பையோடு கிடந்த லேப்டாப்பை இறக்குவார்கள். ஜூன் பிறந்து மேற்கே மேகம் திரண்டு சாரல் விழ, ஐந்தருவியில் தண்ணீர் வர, இங்கே லேப்டாப் ஒரு வருஷத்து அப்டேட்டுகளையெல்லாம் ஒரே நாளில் இறக்கத் தொடங்கி அசையாமல் நிற்கும். விண்ணப்பத்துக்கு மறுநாள் கடைசி நாளாக இருக்கும். எப்போதும் அப்படித்தான் இருக்கும். "அண்ணாச்சி, ஒரு எட்டு வந்துட்டுப் போங்க."

வந்ததும் அவர் லேப்டாப் பக்கம் திரும்ப மாட்டார். நாற்காலியில் உட்கார்ந்து, கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு விசாரணையை ஆரம்பிப்பார்.

"என்னக்கா செய்யுது?"

"திறக்கதுக்கே அரைமணி நேரம் ஆவுது அண்ணாச்சி. திறந்தாலும் அந்த வட்டம் சுத்திக்கிட்டே கெடக்கு. சவத்தைத் தூக்கிப் போட்டுரலாமான்னு வருது."

"எத்தன நாளா?"

"கொடை முடிஞ்சதுலேருந்து."

அம்மன் கோயில் கொடைக்கும் லேப்டாப்புக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் கேட்பதில்லை. கொடைக்கு வந்த மச்சினன் மகன் நாலைந்து கேமை ஏற்றிவிட்டுப் போயிருப்பான் என்பது அனுபவத்தில் தெரியும்.

அடுத்தது ரெஃப்ரெஷ். வெறும் திரையில் மவுஸின் வலது பொத்தானை அழுத்தி ரெஃப்ரெஷ் கொடுப்பார். மறுபடியும் கொடுப்பார். கொடுத்துக்கொண்டே இருப்பார். ரெஃப்ரெஷ் செய்கிற வேலை, திரையில் இருக்கிற ஐகான்களைத் திரும்ப வரைந்து காட்டுவது மட்டும்தான். ராமையும் அது தொடாது, வேகத்தையும் தொடாது. அண்ணாச்சிக்கும் இது தெரியும் என்றே நினைக்கிறேன். ஆனால் அக்கா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியுமா? அதன்பிறகு ரன் பெட்டியைத் திறந்து டெம்ப் என்று அடித்து அதில் உள்ளதை அழிப்பார், ப்ரீஃபெட்ச் என்று அடித்து அதையும் அழிப்பார். முதலாவதால் கொஞ்சம் இடம் மிச்சமாகும். இரண்டாவது, அடிக்கடி திறக்கிற மென்பொருள்கள் சீக்கிரம் திறக்கட்டும் என்று விண்டோஸ் எழுதி வைத்திருக்கும் குறிப்பு. அதை அழித்தால் அடுத்த தடவை இன்னும் தாமதம்தான். இருந்தாலும், அழிகிற கோப்புகளின் எண்ணிக்கை திரையில் ஓடும்போது அக்காவின் முகம் தெளிவதைப் பார்க்க வேண்டும்.

"இம்புட்டுக் குப்பையா கெடந்துச்சு?"

"பின்ன?"

பல வீடுகளில் அந்த லேப்டாப் அரசு கொடுத்ததாக இருக்கும். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், எல்காட் நிறுவனம் மொத்தமாகக் கொள்முதல் செய்ய, மாணவர்களுக்குப் போய்ச் சேர்ந்தவை. ஆரம்ப காலத்தில் வந்தவற்றில் 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். வாங்கிய பெண்ணுக்குக் கல்யாணம் ஆகி, அவள் பிள்ளையே பள்ளிக்கூடம் போகிறது. இடையில் 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமும் ஆகிவிட்டது. லேப்டாப்புக்கு மட்டும் ஓய்வு கிடையாது. விண்டோஸ் 7 போட்டு வந்த பெட்டியில் அண்ணாச்சி விண்டோஸ் 10-ஐத் திணித்திருப்பார். அந்த 10-க்கும் மைக்ரோசாஃப்ட் வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. 11 போடலாம் என்றால் 4 ஜிபி ராமாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு ஏற்பாடும் வேண்டும். "அதுக்கும் ஒரு வழி இருக்கு" என்பார் அண்ணாச்சி, குரலைத் தாழ்த்தி.

இத்தனைக்கும் நோய் என்னவென்று தெரியாதவர் இல்லை அவர். டீ வந்ததும் விளக்குவார்.

"பேரருவியப் பாருங்க. சீசன்ல தண்ணி கொட்டு கொட்டுன்னு கொட்டுது. ஆனா கூட்டம் ஜாஸ்தியானா போலீஸ்காரரு வரிசையில நிறுத்தி, கொஞ்சம் கொஞ்சமாத்தான் உள்ள விடுதாரு. ஒரு மணி நேரம் நிக்கியோம். அருவி மேலயா குத்தம்? இதுக்குள்ள பிராசஸர் அருவி கணக்கா கொட்டிக்கிட்டுத்தான் கெடக்கு. ஹார்ட் டிஸ்க்குதான் அந்த வரிசை."

இதைவிடச் சரியான விளக்கத்தை நான் கேட்டதில்லை. பழைய லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்க்கில் பெரும்பாலும் நிமிஷத்துக்கு 5,400 முறை சுழல்கிற தட்டு இருக்கும். அதன்மேல் ஒரு முனை அங்கும் இங்கும் நகர்ந்து தகவலைத் தேடும். தேடல் ஒவ்வொன்றுக்கும் பத்து மில்லி விநாடிக்கு மேல் ஆகும். எஸ்எஸ்டியில் சுழல்கிற உறுப்பே கிடையாது. அதே தேடல் அதில் நூறு மடங்கு சீக்கிரமாக முடியும். ராம் பற்றாத லேப்டாப்பில் தொல்லை இரட்டிப்பு. ராமில் இடம் கொள்ளாததை விண்டோஸ் ஹார்ட் டிஸ்க்கில் எழுதி வைத்து, வேண்டும்போது தேடி எடுக்கும். வரிசை இன்னும் நீளும். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வருகிற டாஸ்க் மேனேஜரில், டிஸ்க் என்ற பத்தி நூறு சதவீதத்தில் முட்டிக்கொண்டு நிற்பதைக் கண்ணாலேயே காணலாம். அண்ணாச்சி அதையும் திறந்து காட்டுவார். "பாத்தீங்களா, நூறு." மூடுவார். "ஃபார்மட் அடிச்சிருவோம்."

கண்டுபிடித்தது ஒன்று, வைத்தியம் ஒன்றா என்று ஓர் அண்ணாச்சியிடம் கேட்டேன். "அக்காகிட்ட எஸ்எஸ்டி வாங்கச் சொல்லிப் பாருங்க" என்றார். சொன்னேன்.

"அதுக்குப் புதுசே வாங்கிரலாமே தம்பி" என்றார் அக்கா.

புதுசும் வாங்க மாட்டார். சீசனுக்கு மதுரையிலிருந்து வந்து இறங்குகிற விருந்தாளிகளைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போய், எண்ணெய் தேய்ப்பவரிடம் உட்கார வைத்து, திரும்பி வரும்போது பிரானூர் பார்டரில் பரோட்டாவும் கோழியும் வாங்கிக் கொடுப்பதற்கு யோசிக்காத கை, எஸ்எஸ்டி என்றால் இழுத்துக்கொள்ளும். ஃபார்மட்டுக்கு ஒரு டீயும் இரண்டு முறுக்கும் போதும். நம்முடைய கஞ்சத்தனத்துக்குப் பொருத்தமாக அவர் ஒரு மருந்தைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார், அவ்வளவுதான். அது கொஞ்ச நாள் வேலையும் செய்கிறது. ஆன் செய்தவுடன் கூடவே எழுந்து உட்காரும் வேண்டாத மென்பொருள்கள் எல்லாம் போய்விடுவதால் லேப்டாப் புதுப் பெண்போல விறுவிறுவென்று நடமாடும். ஆவணி பிறப்பதற்குள் பழைய குருடி கதவைத் திறடி.

ஃபார்மட்டுக்குப் பிறகு நடப்பதைத்தான் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. வைஃபை வேலை செய்யாது. டிரைவர் இறக்க வேண்டும். டிரைவர் இறக்க நெட் வேண்டும். நெட்டுக்கு வைஃபை வேண்டும். யாராவது ஒருவர் செல்போனை ஒயரில் மாட்டிக்கொடுத்துவிட்டு இரவு பதினொன்று வரை கூடவே உட்கார்ந்திருக்க வேண்டும்.

தமிழாசிரியர் வீட்டில் சேதம் இன்னும் பெரிது. குற்றாலக் குறவஞ்சியைப் பற்றி ஓய்வுக்காலம் முழுக்கப் பாமினி எழுத்துருவில் தட்டி வைத்திருந்ததைத் திறக்கிறார். திரிகூடராசப்பக் கவிராயர் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து கிடக்கின்றன. "எல்லாம் அழிஞ்சு போச்சே அண்ணாச்சி!" "அழியல சார். ஃபாண்ட்தான் போச்சு, போட்டுக்கிடலாம்." 2010-இல் கோவையில் செம்மொழி மாநாடு நடந்த சமயத்திலேயே அரசு யூனிகோடுக்கு மாறச் சொல்லி ஆணை போட்டது. சார் மாறவில்லை. அண்ணாச்சிக்கு அதில் சந்தோஷம்தான். சார் வீட்டில் எப்போதும் ஃபில்டர் காபி.

சாவிக்கொத்தில் தொங்குகிற அந்தப் பென்டிரைவைப் பற்றியும் சொல்ல வேண்டும். விண்டோஸ், அதற்குப் பூட்டு உடைக்கிற சாவி, வீடியோ பார்க்கிற மென்பொருள், பழைய படப்பாட்டு, எல்லாம் அதற்குள் இருக்கும். காலையில் கடையநல்லூரில் ஒரு லேப்டாப்பில் பிடித்த வைரஸை அது மாலைக்குள் செங்கோட்டை வரை கொண்டு சேர்த்துவிடும். அந்த வைரஸைப் பிடிக்க அவரே இரண்டு ஆன்ட்டிவைரஸ் ஏற்றிக் கொடுப்பார். இரண்டும் ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியாகச் சோதிக்கும்; லேப்டாப் மூச்சு வாங்கும். விண்டோஸோடு வருகிற டிஃபெண்டரே வீட்டுக்குப் போதும் என்று சொன்னால், "ஓசியில வர்றதை நம்பலாமா?" என்பார். அவர் பென்டிரைவில் காசு கொடுத்து வாங்கியது ஒன்றுகூட இல்லை.

அவர் தோற்றுப்போகிற இடம் ஒன்று உண்டு. கொரோனாவுக்குப் பிறகு சென்னை, பெங்களூரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். மத்தளம்பாறையில் சோஹோ அலுவலகமும் இருப்பதால், கம்பெனி லேப்டாப் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் இந்த வட்டாரத்தில் சாதாரணம். அந்த மாதிரி ஒரு பெட்டியில் அண்ணாச்சி கைவைத்தால், அட்மின் பாஸ்வேர்டு கேட்கும். "ஆபீஸ்ல எங்களுக்கே தரமாட்டாங்க அண்ணாச்சி" என்பான் பையன். அவமானத்தைக் காட்டிக்கொள்ளாமல் எழுந்து, "கம்பெனி சாமான்ல நாம கைவைக்கப்படாது" என்று அறம் பேசிவிட்டுப் போவார்.

ஒரு குறை மட்டும் எனக்கு அவர்மேல் உண்டு. அவர் பின்மூடியைக் கழற்றுவதே இல்லை. பீடி சுற்றுகிற வீடுகள் இந்த மாவட்டத்தில் நிறைய. தட்டில் இருந்து பறக்கிற புகையிலைத் தூள், ஆடிக்காற்றில் வருகிற மண், சாரலின் ஈரம் மூன்றும் சேர்ந்து லேப்டாப் ஃபேனில் கம்பளிபோல் படிந்துவிடும். உள்ளே சூடு ஏறினால் பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைக்கும். அதை எத்தனை தடவை ஃபார்மட் அடித்தும் சரிசெய்ய முடியாது. ஒரு ஸ்க்ரூ டிரைவரும் ஒரு பிரஷும் போதும். "திறந்தா நம்ம பேருல பழி வந்துரும்" என்கிறார். ஹார்ட் டிஸ்க்கை அடியோடு அழிப்பதில் அவருக்கு அந்தப் பயம் கிடையாது.

அழிப்பதற்கு முன்னால் அவர் ஒரு தடவை கேட்பார்: "பேக்கப் எடுத்தாச்சுல்லா?" அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று தெரியாமலே வீட்டில் எல்லாரும் தலையை ஆட்டுவார்கள். போன கல்யாணப் போட்டோக்களில் பாதி அந்தத் தலையாட்டலில் போனவை.

ஆகவே, அவர் பைக் சத்தம் தெருமுனையில் கேட்டதுமே டெஸ்க்டாப்பில் கிடக்கிற போட்டோ, சான்றிதழ், பத்திர நகல் எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவில் எடுத்து வைத்துவிடுங்கள். உங்கள் பென்டிரைவில். அவருடையதில் வேண்டாம்.