காக்ஸ் மலை தல புராணம்

டோக்கியோவில் ஷிபுயா என்றொரு பேட்டை. அங்கே மவுன்ட் காக்ஸ் என்ற தலம் விளங்கி வந்தது. பெயரில்தான் மலை. ஏறுவதற்குப் படி கிடையாது, கிரிவலம் போகப் பாதை கிடையாது. அலுவலகக் கட்டடம் ஒன்றில் சில மேஜைகள், சில கம்ப்யூட்டர்கள், அவ்வளவுதான். ஆனால் 2013-ல் உலகத்தில் கைமாறிய பிட்காயினில் சுமார் 70 சதவீதம் அந்த மேஜைகள் வழியாகத்தான் போய் வந்தது. 2014 பிப்ரவரியில் உண்டியலைத் திறந்து பார்த்தார்கள். 8,50,000 பிட்காயினைக் காணோம். அன்றைய விலைக்கு ஏறத்தாழ 47 கோடி டாலர்.

இவ்வளவு பெரிய உண்டியலுக்கு யாரய்யா காவல் என்று கேட்டால், எல்லா ஊரிலும் எல்லா முதலாளியும் சொல்லும் பதில்தான்: “கம்ப்யூட்டர் நல்லாத் தெரிஞ்ச ஒருத்தர்.”

புராணத்தை முதலிலிருந்து சொல்ல வேண்டும். ஜெட் மெக்கேலப் என்ற அமெரிக்கர் 2007-ல் ஒரு டொமைன் பதிவு செய்தார். மந்திரவாதியும் டிராகனும் சண்டை போடும் ‘மேஜிக்: தி கேதரிங் ஆன்லைன்’ என்ற சீட்டு விளையாட்டுக்கு உலகமெங்கும் பைத்தியங்கள் உண்டு. அந்தச் சீட்டுகளைப் பங்குச் சந்தை பாணியில் வாங்கி விற்க ஓர் இடம் என்பது அவர் யோசனை. விளையாட்டின் பெயரையும் ‘எக்ஸ்சேஞ்ச்’ என்பதையும் சுருக்கி, எழுத்துகளைச் சேர்த்துக் கட்டினால் எம், டி, ஜி, ஓ, எக்ஸ். மலை முளைத்த கதை இதுதான். கொஞ்ச நாளில் அவருக்குச் சீட்டு சலித்துப்போனது. டொமைன் மட்டும் சும்மா கிடந்தது.

2010 ஜூலையில் அவர் கண்ணில் பிட்காயின் என்ற புதுச் சமாச்சாரம் பட்டது. இதை வாங்கி விற்க ஒரு சந்தை வேண்டுமே என்று தோன்றியது. புதுப் பெயர் யோசிப்பானேன்? ஜூலை 18-ம் தேதி அதே பலகையின் கீழ் கடை திறந்துவிட்டது. அடுத்த சில வருடங்களுக்கு உலகத்துப் பணக்காரர்கள், சூதாடிகள், புரட்சிக்காரர்கள் எல்லோரும் தங்கள் எதிர்காலத்தைச் சீட்டு விளையாட்டுக் கடையில்தான் கொண்டுபோய்க் கட்டினார்கள். பலருக்கு அந்தப் பெயரின் பூர்வீகமே தெரியாது. தெரிந்தவர்களும் அதை ஒரு சுவாரசியமான துணுக்காகத்தான் பார்த்தார்கள்.

2011 மார்ச்சில் மெக்கேலப் கடையைக் கைமாற்றினார். வாங்கியவர் மார்க் கார்ப்பலேஸ். பிரான்ஸ்காரர், டோக்கியோவாசி, வயது 25. அவருடைய தாய் நிறுவனத்துக்கு டிபான் என்று பெயர். டிபனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அது அவர் வளர்த்த பூனையின் பெயர்.

கார்ப்பலேஸுக்கு வேலை தெரியாது என்று சொன்னால் பாவம் வரும். மனிதருக்குக் கோட் எழுதுவதென்றால் உயிர். தூரத்து சர்வருக்குள் பத்திரமாக நுழைய எஸ்.எஸ்.எச். என்று ஒரு வழிமுறை உண்டு. அதற்கான சர்வரை, இணையப் பக்கங்கள் எழுதப் பயன்படும் பி.எச்.பி. மொழியில் தன் பொழுதுபோக்குக்கு எழுதிப் பார்த்து, அதைப் பெருமையாக ஊருக்கும் சொன்னவர் அவர். அது சாமர்த்தியம்தான், மறுக்கவில்லை. ஆனால் தொழில் தெரிந்த ஒருவர் அதைப் பார்த்ததும் கேட்கும் கேள்வி வேறு: ஏற்கெனவே பத்து வருடமாகப் பலரும் அடித்து நொறுக்கிச் சரிபார்த்த ஒன்று இலவசமாகக் கிடைக்கும்போது இதை எதற்கு எழுதினாய்? சாமர்த்தியசாலிகளுக்கு இந்தக் கேள்வி பிடிக்காது. ‘முடிந்தது, எழுதினேன்’ என்பார்கள். ஒரு நிறுவனத்தின் கதை கந்தலாவதற்கு இந்த இரண்டு சொல் போதும்.

கடை கைமாறிய சமயத்திலேயே சுமார் 80,000 பிட்காயின் களவு போயிருந்தது. வீடு வாங்குகிறவன்கூட ஒரு வில்லங்கச் சான்றிதழ் எடுப்பான். இங்கே ஓட்டையோடு சேர்த்துத்தான் கிரயம். பரவாயில்லை, சம்பாதித்து அடைத்துவிடலாம் என்ற நம்பிக்கையில் வண்டி ஓடியது.

நான்கு மாதம்கூட ஆகவில்லை. ஜூன் 19-ம் தேதி ஹேக்கர் ஒருவர் நிர்வாகிக் கணக்கு ஒன்றுக்குள் புகுந்தார். 17 டாலர் வாக்கில் விற்றுக்கொண்டிருந்த பிட்காயின் அந்தச் சந்தையில் நிமிடக் கணக்கில் ஒரு சென்ட்டுக்குச் சரிந்தது. போதாக்குறைக்குச் சுமார் 60,000 வாடிக்கையாளர்களின் பெயர், மின்னஞ்சல், மறையாக்கம் செய்த பாஸ்வேர்டு எல்லாம் கொண்ட பட்டியல் வெளியே வந்துவிட்டது. அந்த பாஸ்வேர்டுகளில் பழையவை, உடைக்கச் சிரமமே இல்லாத முறையில் பூட்டப்பட்டிருந்தன.

சந்தையை இழுத்து மூடியாயிற்று. ஜெஸ்ஸி பவல், ரோஜர் வெர் என்று பிட்காயின்மேல் பற்றுக்கொண்ட இரண்டு பேர் சம்பளம் கேட்காமல் ஓடி வந்து ஷிபுயா அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தார்கள். வார இறுதி வந்தது. முதலாளி என்ன செய்தார்? லீவு எடுத்துக்கொண்டார். சனி, ஞாயிறு ஓய்வு மனிதனுக்கு அவசியம்தானே! திங்கள்கிழமை வந்தவர் உட்கார்ந்து உறைகளில் காகிதம் திணித்துக்கொண்டிருந்தார் என்று பவல் பின்னாளில் பத்திரிகைக்காரர்களிடம் நொந்துகொண்டார். உலகத்தின் மிகப் பெரிய பிட்காயின் சந்தை தீப்பற்றி எரிகிறது. தலைவர் தபால் உறை ஒட்டுகிறார். அந்த அலுவலகத்தைப் பார்த்த பவல் கையோடு போய் கிராக்கன் என்ற போட்டிச் சந்தையைத் தொடங்கினார். நானாக இருந்தாலும் தொடங்கியிருப்பேன், எனக்குக் கம்ப்யூட்டர் அவ்வளவாகத் தெரியாவிட்டாலும்.

பணம் பத்திரமாக இருக்கிறதா என்று வாடிக்கையாளர்கள் கூச்சல் போட்டார்கள். வங்கியாக இருந்தால் தணிக்கையாளரைக் கூப்பிட்டு அறிக்கை வாங்கியிருக்கும். கார்ப்பலேஸ் ஜூன் 23-ம் தேதி ஊரறிய 4,24,242 பிட்காயினை ஒரு முகவரியிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்திக் காட்டினார். அது என்ன 42-42-42? எல்லாவற்றுக்கும் விடை 42 என்று சொல்லும் டக்ளஸ் ஆடம்ஸ் நாவலைப் படித்தவர்களுக்கு மட்டும் புரியும் நகைச்சுவை அது. பார்த்தவர்கள் கைதட்டினார்கள். இருப்பைக் காட்டினார், சரி. கொடுக்க வேண்டியது எவ்வளவு என்று அவரும் சொல்லவில்லை, யாரும் வற்புறுத்திக் கேட்கவும் இல்லை.

அக்டோபரில் இன்னொரு திருவிளையாடல். மென்பொருளில் ஒரு பிழை. 2,609 பிட்காயின், யாராலும் எந்தக் காலத்திலும் திறக்க முடியாத முகவரிக்குப் போய்விட்டது. திருடன் எடுத்திருந்தால் துரத்தவாவது செய்யலாம். பிட்காயினில் கிளை மேலாளர் கிடையாது, ‘சார், தப்பா அனுப்பிட்டேன்’ என்று மனு எழுதிக் கொடுக்க இடம் கிடையாது. அந்த 2,609 இன்றைக்கும் அங்கேயே இருக்கிறது. எல்லோரும் பார்க்கலாம். எவரும் தொட முடியாது.

நிஜமான கொள்ளை இதற்கும் முன்பே, 2011 செப்டம்பரிலேயே ஆரம்பித்துவிட்டது. சந்தையின் சாவிகள் அடங்கிய கோப்பை யாரோ நகலெடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பிட்காயினில் சாவி வைத்திருப்பவன்தான் சொந்தக்காரன். கையெழுத்து, ஆதார் எதுவும் கேட்காது. திருடன் அவசரப்படவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு வருடம், 6 லட்சத்துக்கும் மேல் எடுத்தான். இதில்தான் உச்சக்கட்ட அசட்டுத்தனம் இருக்கிறது. திருடன் எடுத்துச் சென்றதன் மிச்சம் மீண்டும் பழைய முகவரிகளுக்கு வந்து விழும்போது, காக்ஸ் சிஸ்டம் அதை ‘வாடிக்கையாளர் டெபாசிட்’ என்று எண்ணிக்கொண்டது. எண்ணிக்கொண்டு, சம்பந்தமில்லாத சிலருடைய கணக்கில் 40,000-க்கும் மேற்பட்ட பிட்காயினை வரவு வைத்தது. திருட்டுக்கு வரவு எழுதிய பேரேடு உலக வணிக வரலாற்றில் வேறு உண்டா என்று தெரியவில்லை.

இதை இரண்டு வருடம் யாருமே பார்க்கவில்லையா? நம்ம ஊர் அடகுக்கடையில் ஷட்டரை இறக்குமுன் கணக்குப்பிள்ளை நகையை எண்ணி, பேரேட்டோடு ஒத்துப் பார்த்து, ஒரு மோதிரம் குறைந்தாலும் யாரையும் வீட்டுக்கு விடமாட்டார். கையிருப்பு எவ்வளவு, கொடுக்க வேண்டியது எவ்வளவு, இரண்டும் ஒத்துப்போகிறதா? மொத்த வித்தையும் இவ்வளவுதான். இதற்குப் பெரிய மூளை வேண்டாம். தினமும் செய்யும் சலிப்பூட்டும் பொறுமை வேண்டும். கோட் எழுதுவதில் சந்தோஷம் காண்கிறவனுக்கு இந்தப் பொறுமை இருக்காது; அதனால்தான் இந்த வேலைக்கென்று ஆள் வைக்கிறார்கள்.

அங்கே வேலை பார்த்தவர்கள் பிற்பாடு பத்திரிகைகளிடம் சொன்னதைக் கேட்டால் எந்த ஐ.டி. கம்பெனி ஊழியருக்கும் நெஞ்சு படபடக்கும். யார் எந்த வரியை எப்போது மாற்றினார்கள் என்று பதிவு வைக்கும் வெர்ஷன் கன்ட்ரோல் வெகுகாலம் கிடையாது. ஒருவர் எழுதியதன்மேல் இன்னொருவர் எழுதிவிட்டால் முன்னது போயே போச்சு. மாற்றங்களைச் சோதித்துப் பார்க்கத் தனி இடமும் கடைசிக் காலத்தில்தான் வந்தது. அதுவரை சோதனை நேராக வாடிக்கையாளர் பணத்தின்மீது. எந்த மாற்றத்துக்கும் அனுமதி தரக்கூடியவர் ஒரே ஒருவர். அவர் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. பாதுகாப்பு ஓட்டையை அடைக்கும் திருத்தம்கூட அவர் பார்வைக்காக வாரக்கணக்கில் காத்துக் கிடக்குமாம்.

இவ்வளவு பெரிய உண்டியலுக்குத் தகுதி பெற்றவர் ஒருவர் காவல் வேண்டும். தகுதி என்று நான் சொல்வது சுவரில் சட்டம் போட்டு மாட்டிய பட்டத்தை அல்ல. பட்டம் வாங்கியும் பாஸ்வேர்டை மஞ்சள் சீட்டில் எழுதி மானிட்டரில் ஒட்டுகிறவர்கள் உண்டு. தான் எழுதிய நிரலையே நம்பாதவர், சாவியைத் தான் ஒருவரே வைத்துக்கொள்ள மறுக்கிறவர், தன் கணக்கைப் பிறர் வந்து துருவட்டும் என்று விடுகிறவர், தான் இல்லாத நாளிலும் கடை ஓட வழி பண்ணி வைக்கிறவர். அப்படிப்பட்டவருக்குச் சம்பளம் அதிகம். பேச்சும் சுவாரசியமாக இருக்காது. கூப்பிட்ட மறுநாளே ‘முடியாது’ என்பார். முதலாளிகளுக்கு ‘முடிச்சிடலாம் சார்’ என்பவனைத்தான் பிடிக்கும். காக்ஸில் முதலாளியும் அவரே, ‘முடிச்சிடலாம் சார்’ என்றவரும் அவரே.

2013-ல் வேறு பக்கங்களிலிருந்தும் இடி. பணப் பரிமாற்றத் தொழிலுக்கு முறையாகப் பதிவு செய்யவில்லை என்று அமெரிக்க அரசு அங்கிருந்த அவர்களுடைய கணக்குகளில் 50 லட்சம் டாலரைப் பறிமுதல் செய்தது. டாலர் கேட்ட வாடிக்கையாளர்கள் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். அந்தச் சமயத்தில் தலைவர் எதில் மும்முரமாக இருந்தார் என்று நினைக்கிறீர்கள்? காப்பிக்கடை. அலுவலகக் கட்டடத்திலேயே ‘பிட்காயின் கஃபே’ திறக்கும் ஏற்பாடு. அங்கே வைக்கும் பில் இயந்திரம் பிட்காயினையும் ஏற்கும்படி, அதைத் தன் கையாலேயே குடைந்து மாற்றியமைத்துக்கொண்டிருந்தார். மாடியில் 6 லட்சம் பிட்காயின் போன கணக்குத் தெரியவில்லை. கீழே ஒரு காப்பிக்குச் சில்லறை சரியாக வர வேண்டுமென்று பாடுபடுகிறார்!

2014 பிப்ரவரி 7-ம் தேதி பிட்காயின் எடுப்பதை நிறுத்தினார்கள். பிட்காயின் நிரலிலேயே ஒரு குறை இருக்கிறது, அதைப் பயன்படுத்தி ஏமாற்றுகிறார்கள் என்றார்கள். அந்தக் குறை அத்துறையில் உள்ளவர்களுக்கு 2011 முதலே தெரியும். அந்த வழியில் காக்ஸிலிருந்து அதிகபட்சம் 386 பிட்காயின்தான் போயிருக்க முடியும் என்று சூரிச்சின் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். மீதி எட்டரை லட்சத்துக்குப் பதில் இல்லை. லண்டனிலிருந்து விமானம் ஏறி வந்த ஒரு வாடிக்கையாளர், ‘எங்கள் பணம் எங்கே’ என்று அட்டை எழுதிப் பனியில் வாசலில் நின்றார். பிப்ரவரி 28-ல் டோக்கியோ நீதிமன்றத்தில் மஞ்சள் கடிதாசி.

மார்ச்சில் இன்னொரு அற்புதம். 2011 ஜூனுக்கு முன்னால் உபயோகித்த பழைய சாவிக் கோப்பு (வாலட்) ஒன்றைத் திறந்து பார்த்தார்களாம். உள்ளே 2,00,000 பிட்காயின் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. சந்தோஷச் செய்திதான். ஆனால் சுமார் 11 கோடி டாலரை வைத்த இடத்தை மறந்தவர்கள், மீதி இருந்த இடத்தை எப்படி நினைவு வைத்திருக்கப்போகிறார்கள்?

கொள்ளையின் முழுக் கதையையும் வெளியே கொண்டுவந்தவர் டோக்கியோவில் வசித்த கிம் நில்சன் என்ற ஸ்வீடன் பொறியாளர். அவருக்கும் காக்ஸில் கொஞ்சம் பிட்காயின் போயிருந்தது. வேலை முடிந்த நேரங்களில் உட்கார்ந்து, பொதுவில் கிடக்கும் பிட்காயின் பேரேட்டை ஒவ்வொரு பரிமாற்றமாகத் துருவி, கையிருப்பு என்றைக்கு எவ்வளவு இருந்திருக்க வேண்டும் என்று ஒத்துப் பார்த்தார். கடை நடந்த காலத்தில் சம்பளம் கொடுத்துச் செய்திருக்க வேண்டிய வேலையை, கடை மூழ்கிய பிறகு பணம் இழந்தவர் இலவசமாகச் செய்து முடித்தார். கார்ப்பலேஸ் திருடவில்லை என்பதும் அவர் கண்டுபிடிப்பில் தெளிவானது. 2019 மார்ச்சில் நீதிமன்றமும் கையாடல் குற்றத்திலிருந்து அவரை விடுவித்தது. கணினிப் பதிவுகளில் இல்லாத பணத்தை இருப்பதாகக் காட்டியதற்கு மட்டும் இரண்டரை ஆண்டுத் தண்டனை விதித்து, அதையும் நிறுத்தி வைத்தது.

இனி வருவதை எந்தக் கதாசிரியரும் எழுதத் துணியமாட்டார். திவால் நிர்வாகியாக நியமிக்கப்பட்டவர் நொபுவாகி கோபயாஷி என்ற வழக்கறிஞர். மிஞ்சிய 2,00,000 அவர் பொறுப்பில் பூட்டப்பட்டது. வழக்கு இழுத்துக்கொண்டே போனது. பிட்காயின் விலை ஏறிக்கொண்டே போனது. அதில் ஒரு பகுதியை அவர் விற்றதற்கே கோடிக்கணக்கான டாலர் கிடைத்தது. ஜப்பானியத் திவால் சட்டப்படி ஏமாந்தவர்களுக்கு 2014-ம் வருட விலைக்குத்தான் பாத்தியதை. அப்படியானால் கடன்களை அடைத்த பிறகும் மலைபோல் மிச்சம் நிற்கிறது, அது யாருக்கு? பங்குதாரர்களுக்கு. பெரும்பங்கு யாருடையது? பூனைப் பெயர் கம்பெனியினுடையது. தொலைத்தவர் கோடீஸ்வரர் ஆகிவிடும் நிலை வந்தது. எனக்கு வேண்டாம் சாமி என்று கார்ப்பலேஸே பகிரங்கமாகச் சொன்னார். 2018 ஜூனில் நீதிமன்றம் வேறு சட்டப் பிரிவுக்கு வழக்கை மாற்றி, பிட்காயினாகவே திருப்பித் தர வழி செய்தது.

2024 ஜூலையில் பட்டுவாடா தொடங்கியபோது, விற்றது போகக் கையில் இருந்தது சுமார் 1,40,000; மதிப்பு ஏறத்தாழ 900 கோடி டாலர். அதைக் கடன்காரர்களுக்குச் சேர்ப்பித்த சந்தைகளில் ஒன்று, அந்த உறை ஒட்டும் காட்சியைக் கண்டு வெறுத்துப்போன பவல் தொடங்கிய கிராக்கன். கோபயாஷி கையில் இருந்த பத்து வருடத்தில் ஒரு பிட்காயின்கூடக் களவு போகவில்லை. காக்ஸ் மலையின் சரித்திரத்தில் பாதுகாப்பு ஒழுங்காக இருந்தது அந்தக் காலத்தில்தான். வக்கீல் பி.எச்.பி.யில் ஏதும் எழுதிப் பார்த்ததாகத் தகவல் இல்லை.